சுவருக்கு அப்பால் ஐந்து கட்டை

மேட்டூர் அணையின் நீர்மட்டத்தை வானொலியில் சொல்லும்போது வீட்டில் எல்லாரும் பேச்சை நிறுத்திக் கேட்ட காலம் நம் வயதுக்காரர்களுக்கு மறந்திருக்காது. வயல் வைத்திருந்தவர்கள் பாசனத்துக்காகக் கேட்டார்கள். எங்கள் ஊரில் வயலைவிடத் தறி அதிகம். நாங்கள் கரண்டுக்காகக் கேட்டோம். அணையில் தண்ணீர் இறங்கினால் கரண்ட் குறையும், கரண்ட் குறைந்தால் விசைத்தறி நிற்கும். தறி நின்றால் எங்கள் சபையில் பாட்டும் கெட்டுப்போகும் என்பது மட்டும் அந்த வருடம் வரை யாருக்கும் தெரியாது.

ஊர் எடப்பாடிக்குத் தெற்கே, சங்ககிரி சாலையில். எனக்கு ஒன்பது வயது. சபை என்றால் நீங்கள் கோபுரத்தையும் மணியையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். அது ஒரு பழைய நூல் கிடங்கு. சிமெண்டுத் தரை, கோரைப் பாய், ஆண்கள் இடப்பக்கம், பெண்கள் வலப்பக்கம். முப்பது குடும்பம் இருக்கும். பாதிரியார் கிடையாது, மூப்பர் ஒருவர்தான். இசைக்கருவி என்று எதுவும் உள்ளே வரக்கூடாது. ஆர்மோனியம், டோலக், கஞ்சிரா எதுவும் இல்லை. கைகூடத் தட்ட மாட்டோம்.

“உதடு ஆண்டவர் படைச்சது. பொட்டி ஆசாரி செஞ்சது. எதுல பாடோணும்னு நீங்களே சொல்லுங்க” என்பார் மூப்பர். கேட்டால் நியாயமாகத்தான் இருக்கும். இன்றைக்கும் அதை நினைத்து எனக்குச் சிரிப்பு வருவதில்லை. அவர் நூற்பாலையில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவர். வலது காது மந்தமாகியிருந்தது. வெள்ளைச் சட்டை, சைக்கிள் சங்கிலியில் மாட்டாதபடி மடித்துக் கட்டிய வேட்டி, சட்டைப்பையில் எங்களைப் போன்ற பிள்ளைகளுக்காகப் பெப்பர்மிண்ட். பாட்டை அவர்தான் தூக்குவார். கூடத்தின் வடக்குச் சுவரோரம் நின்று, இடது கையைச் சுவரில் பதித்து, கண்ணை மூடி ஒரு மூச்சு நேரம் நிற்பார். பிறகு முதல் அடி வரும். முழங்கால் வலிக்காகச் சுவரைப் பிடிக்கிறார் என்று நான் நினைத்திருந்தேன்.

அந்த வடக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் தறிக்காரர் வீட்டுத் தறிக்கூடம். பன்னிரண்டு விசைத்தறி. சுவரை ஒட்டிய முதல் தறி பழையது, மற்றவற்றைவிடச் சத்தம் கூடியது. மேலே காற்றுக்காக விட்ட இடைவெளி வழியாகப் பஞ்சுத் தூசி எங்கள் பக்கம் பறந்து வரும். ஆராதனை முடியும்போது எல்லார் தலையிலும் வேதாகமத்தின் கறுப்பு அட்டையிலும் வெள்ளையாகப் படிந்திருக்கும். கூடவே மெஷின் எண்ணெய் வாசனை, நெய்வதற்கு முன் பாவு நூலுக்குப் போடும் கஞ்சியின் புளித்த வாசனை. தேவனுடைய வீட்டுக்கு அதுதான் வாசனை என்று வெகுநாள் நம்பியிருந்தேன்.

தறிக்காரர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை இல்லை. அமாவாசைதான் விடுமுறை. ஆகவே நாங்கள் பாடும்போது தறியும் ஓடும். அதைப் பற்றி யாரும் பேசியதில்லை. சபையில் பாதிப் பேர் தறியில் நிற்பவர்கள், மீதிப் பேர் நூல் சுற்றுபவர்கள். அவர்கள் காதில் தறிச்சத்தம் விழுவதில்லை, தங்கள் மூச்சுச் சத்தம் விழாததைப்போல.

ஒருவருக்கு மட்டும் விழுந்தது. அது என் அம்மா.

அம்மா சேலம் டவுனில் பிறந்தவள். அங்கே வேறொரு சபை. பன்னிரண்டு வயதிலிருந்து கல்யாணம் வரை ஞாயிறுதோறும் ஆர்மோனியம் வாசித்தவள். வீட்டில் பழக அவளுக்கென்று ஒரு கை ஆர்மோனியம் இருந்தது. கலைந்துபோன நாடகக் கம்பெனி ஒன்றிடமிருந்து அவள் அப்பா வாங்கிக் கொடுத்தது. தேக்குப் பெட்டி, பித்தளைக் கொக்கி, மூடியின் உட்பக்கம் யாரோ ஒட்டியிருந்த ரோஜாப்பூப் படம். துருத்தியில் ஓரிடம் கிழிந்து, காடாத் துணியால் ஒட்டுப்போட்டிருக்கும்.

அப்பாவுக்குப் பேசி முடித்தபோது மூப்பர் ஒன்றைக் கேட்டு வாங்கினார். “இந்த ஊட்டுல பொட்டிச் சத்தம் கேக்கக் கூடாது.” அம்மா சரி என்றாள். ஆனால் பெட்டியை விட்டுவிட்டு வர மாட்டேன் என்று சொல்லிக் கூடவே கொண்டுவந்தாள்.

சொன்ன சொல்லை எழுத்துக்கு எழுத்துக் காப்பாற்றினாள். மதியம் பாத்திரம் கழுவி முடித்ததும் கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுப்பாள். துருத்தியின் கொக்கியைக் கழற்றவே மாட்டாள். காற்றில்லாமல் கட்டைகளை மட்டும் அழுத்தி வாசிப்பாள். டொக், டொக், டொக்டொக் என்று மரம் மரத்தில் இடிக்கும் சத்தம் மட்டும் வரும். அவள் தலை லேசாக ஆடும். நான் பக்கத்தில் படுத்துக்கொண்டு அதைக் கேட்டுத் தூங்கிப்போவேன். அந்தப் பெட்டிக்கு வேறு குரல் இருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

அந்த வருடம் அணையில் தண்ணீர் இறங்கிக்கொண்டே போனது. ஆவணியில் மின்வெட்டு அறிவித்தார்கள். தறிகளுக்கு வாரத்தில் ஒரு நாள் கரண்ட் கிடையாது. எங்கள் பகுதிக்கு விழுந்தது ஞாயிற்றுக்கிழமை.

முதல் ஞாயிறு மூப்பர் வழக்கம்போலச் சுவரில் கை வைத்தார். வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றார். பிறகு தூக்கினார். அவர் தூக்கிய உயரத்துக்குப் பெண்களால் ஏற முடியவில்லை. இரண்டாவது அடியில் ஆண்கள் கீழே இறங்கிவிட்டார்கள். மூன்றாவது அடியில் முன்வரிசை ஒரு சொல் முந்தியது, பின்வரிசை ஒரு சொல் பிந்தியது. ஒரே பாட்டில் ஏறி நான்கு பேர் நான்கு ஊரில் போய் இறங்கியதுபோல் இருந்தது. என் பின்னால் இருந்த ஒரு அக்கா சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக் கடித்தாள்.

இரண்டாவது ஞாயிறும் அப்படியே. மூப்பர் உபவாசம் சொன்னார். புதன்கிழமை முழுக்க முப்பது குடும்பமும் தண்ணீர் மட்டும் குடித்து ஜெபித்தோம். மூன்றாவது ஞாயிறு முந்தியதைவிட மோசம். பாதிப் பாட்டில் மூப்பர் கையை உயர்த்தி நிறுத்தினார். அவர் முகத்தில் கோபம் இல்லை. பயம் இருந்தது. பெரியவர்களின் பயத்தை நான் முதலில் பார்த்தது அன்றைக்குத்தான்.

“நமக்குள்ள எங்கியோ ஒரு தப்பு இருக்குது. அது வெளிய வாரவரைக்கும் பாட்டு வேண்டாம். வாசிச்சுட்டு ஜெபிச்சுட்டுப் போலாம்” என்றார்.

வீட்டுக்கு வரும் வழியில் அம்மா அப்பாவிடம் சொன்னாள். “தறி நின்னுபோச்சுங்க. அதுதான் தப்பு.”

“தறியா?”

“மோட்டார் ஓடுற சத்தம் அஞ்சு கட்டைங்க. அந்தச் சுருதியிலதான் அவர் எப்பவும் தூக்குறாரு. முதல் தறி போடுற அடிதான் தாளம். அமாவாசையும் ஞாயிறும் ஒண்ணா வந்தா எப்பவும் இப்படித்தான் ஆகும். வருஷத்துக்கு ரெண்டோ மூணோ தடவை, அதனால யாரும் கண்டுக்கல. இப்ப வாராவாரம் வருது.”

அப்பா சைக்கிளைத் தள்ளியபடி நின்றுவிட்டார். அவர் பாவு ஓட்டும் வேலைக்காரர், மனக்கணக்கில் கெட்டி. யோசித்துப் பார்த்தார். சிரிப்பு வந்தது, உடனே போனது.

“இத வெளிய சொல்லீராத. பொட்டி வேண்டாமுன்னு ஒதுங்குனவங்க நாம. இந்தக் கூடத்துக்கு வந்த எட்டு வருசமாத் தறிய வெச்சுக்கிட்டுத்தான் பாடியிருக்கறமுன்னு தெரிஞ்சா மூப்பரு ஒடஞ்சு போயிருவாரு. கூடத்தையே விட்டுப்போட்டுப் போலாமுன்னு நிப்பாரு. முப்பது குடும்பம் எங்க போறது?”

அந்த வாரமே மூப்பர் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

எனக்கு ஒரு பெப்பர்மிண்ட் கொடுத்தார். அம்மா கொடுத்த காப்பியைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். டம்ளரைக் கீழே வைத்த பிறகுதான் அப்பாவிடம் பேசினார்.

“தம்பி, உங்க ஊட்டுல அந்தப் பொட்டி இன்னும் இருக்குதுங்களா?”

“இருக்குதுங்கய்யா. சத்தம் வந்ததில்லீங்க. பத்து வருசமாச்சு.”

“சத்தம் வராத பொட்டிய எதுக்குங்க வெச்சிருக்கறது?”

அடுக்களை வாசலில் நின்ற அம்மா சொன்னாள். “சத்தம் வராத பெட்டி எப்படிங்கய்யா உங்க பாட்டைக் கெடுக்கும்?”

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். மூப்பர் அம்மாவைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னார். “நான் கெடுக்குதுன்னு சொல்லலீங்க அம்மிணி. சனம் பேசுது. நாடகக்காரங்க பொட்டி, எந்தெந்தக் கொட்டாயில என்னென்ன பாட்டுக்கு ஊதுச்சோன்னு பேசுது. நான் நல்லாப் பாத்துட்டேன், எனக்கும் வேற தப்புக் கெடைக்கல. சனத்துக்கு மனசு ஆறோணுமில்லீங்களா?”

அம்மா சொல்லிவிடுவாள் என்று நான் காத்திருந்தேன். அவள் வாயைத் திறந்தாள். மூப்பர் காலி டம்ளரை எடுத்துக் குடிக்கப் பார்த்து, மறுபடி வைத்தார். அம்மா அதைப் பார்த்தாள்.

“சரிங்கய்யா. இந்த வீட்டுல இருக்காது” என்றாள்.

சனிக்கிழமை காலை அப்பா பெட்டியைப் பழைய போர்வையில் சுற்றி, சைக்கிள் கேரியரில் ரப்பர் டியூபால் இறுக்கிக் கட்டினார். சேலத்தில் மாமா வீட்டுக்குப் பஸ்ஸில் அனுப்புவதாக ஏற்பாடு. அம்மா பின்னால் ஒரு கையால் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். நான் அவள் பின்னால். சபைக் கூடத்தைத் தாண்டினோம். அடுத்தது தறிக்காரர் வீடு. வாசலில் தறிக்காரம்மா ராட்டையில் தார் சுற்றிக்கொண்டிருந்தாள். தார் என்பது தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் போகிற சின்ன நூல் உருளை. அவள் கை நிற்காது, வாயும் நிற்காது.

“ஏனுங்க அம்மிணி, ஆரக் கட்டித் தூக்கிட்டுப் போறீங்க?”

“பெட்டிங்க. சேலத்துல அண்ணன் வீட்டுல வெக்கலாம்னு.”

“அங்க ஆரு வாசிப்பாங்க?”

“யாரும் வாசிக்க மாட்டாங்க.”

“அப்பறம் எதுக்குங்க அத்தாந்தூரம்? பஸ்ஸுல போட்டா ஒரு காலு ஒரு கை போயிருமுங்க. இங்க வெச்சுட்டுப் போங்க.”

அப்பா தயங்கினார். “உங்க ஊட்டுக்காரரு என்ன சொல்லுவாரோ…”

“அவருக்குத் தறி நின்னாத்தானுங்க காது கேக்கும். பன்னெண்டு தறி கத்தற ஊட்டுல ஒரு பொட்டி கத்துனா ஆருக்குத் தெரியப் போவுது? எறக்குங்க, எறக்குங்க.”

அம்மா அப்பாவைப் பார்த்தாள். மூப்பர் கேட்டது என்ன, தான் சொன்னது என்ன என்று அவள் மனதுக்குள் சரிபார்த்திருக்க வேண்டும். இந்த வீட்டில் இருக்காது என்றுதான் சொன்னாள். எந்த வீட்டில் இருக்கும் என்று யாரும் கேட்கவில்லை. அப்பா டியூபை அவிழ்த்தார்.

அடுத்த வாரம் மேற்கே நல்ல மழை. வானொலியில் அணையின் அளவு ஏறியது. மின்வெட்டு போனது. ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு தறியும் ஓடின. மூப்பர் கையைச் சுவரில் வைத்து, இந்த ஒரு தடவை பாடிப் பார்க்கலாம் என்று சொல்லித் தூக்கினார். பாட்டு ஒரே குரலாக எழுந்தது. கூடமே ஒரு ஆள் மாதிரிப் பாடியது. முடிந்ததும் மூப்பர் அழுதார். பல பேர் அழுதார்கள்.

வெளியே வந்தபோது பெண்கள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். “பொட்டிய அனுப்புச்சீங்க பாருங்க, அன்னைக்கே ஆண்டவரு கண்ணத் தொறந்துட்டாரு.”

“ஆமாங்க” என்றாள் அம்மா. என் சடையிலிருந்து பஞ்சைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். வழக்கத்தைவிடக் கொஞ்சம் வேகமாகப் பொறுக்கினாள், எனக்கு வலித்தது.

ஆனால் திங்கட்கிழமை மதியம் அவள் என்னைக் கூட்டிக்கொண்டு தறிக்காரம்மா வீட்டுக்குப் போனாள். தறிக்கூடத்தின் மூலையில், சுவரோரம், நூல் மூட்டைகளுக்கு நடுவில் பெட்டி இருந்தது. அம்மா தரையில் உட்கார்ந்தாள். துருத்தியின் கொக்கியில் விரலை வைத்தவள் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். பிறகு கழற்றினாள்.

பன்னிரண்டு தறி போட்ட சத்தத்தில் முதலில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவள் தோளில் காதை வைத்துச் சாய்ந்தேன். அப்போது கேட்டது. அம்மாவின் எலும்பு வழியாக வந்ததுபோல், நீளமாக, கொஞ்சம் கரகரப்பாக ஒரு குரல். கட்டைகள் இடிக்கும் டொக் டொக் அதற்குள் எங்கோ போய்விட்டது. இத்தனை நாள் நான் கேட்டது பாட்டின் எலும்புக்கூடு என்று இப்போது எழுதத் தோன்றுகிறது. அப்போது அப்படியெல்லாம் தோன்றவில்லை. இத்தனை பெரிய சத்தத்தை இவ்வளவு நாள் கட்டிலுக்கு அடியில் எப்படி அடைத்து வைத்திருந்தாள் என்றுதான் நினைத்தேன்.

ஐப்பசி முழுக்க அப்படிப் போனோம். தறிக்காரம்மா தார் சுற்றியபடி உதட்டசைவைப் பார்த்துப் பேசுவாள், தறிக்கூடத்துப் பெண்கள் எல்லாருக்கும் அது கைவந்தது. கார்த்திகையில் ஒரு நாள் அவள் சுவர்க் காலண்டரைக் காட்டிச் சொன்னாள். “வார ஞாயித்துக்கெழமை அமாவாசைங்க அம்மிணி. அன்னைக்குத் தறி ஓடாது. மத்தியானம் வடை பாயசம். புள்ளையக் கூட்டிட்டு வாங்க.”

அம்மாவின் கை கட்டைமேல் நின்றது.

“என்னுங்க?”

அம்மா எல்லாவற்றையும் சொன்னாள். சுருதி, தாளம், உபவாசம், பெட்டி. தறிக்காரம்மா ராட்டையை நிறுத்திக் கேட்டாள். அவள் ராட்டையை நிறுத்தி நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். முதலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “எங்க தறியிலயா? எங்க ஊட்டுக்காரரு கேட்டா நாளைக்கே கூலி கேப்பாரு!” பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை விட்டாள்.

“பெட்டியும் போச்சு. இனி பாட்டு கெட்டா அடுத்து எதைத் தேடுவாங்க?” என்றாள் அம்மா. “பெட்டிக்காரியத்தான் தேடுவாங்க.”

தறிக்காரம்மா பெட்டியைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். “அமாவாசையன்னைக்குத் தறியத்தானுங்க தொட மாட்டோம். பொட்டியத் தொடலாமல்லோ?”

அம்மா வெள்ளைக் கட்டைகளை இடமிருந்து எண்ணி, ஐந்தாவதன்மேல் கோலப்பொடியால் ஒரு புள்ளி வைத்தாள். இதை மட்டும் அழுத்திக்கொண்டு துருத்தியைச் சீராக ஆட்ட வேண்டும் என்றாள்.

“இவ்வளவுதானா? தார் சுத்தறதவிடச் சுளுவு.”

வீட்டுக்கு வரும்போது அம்மா என்னிடம் சொன்னாள். “யாராவது கேட்டா பொய் சொல்லக் கூடாது. கேக்காட்டி வாயைத் திறக்க வேண்டாம்.”

அமாவாசை ஞாயிறு வந்தது. கூடத்தில் அவ்வளவு அமைதி. பக்கத்து வீட்டில் வடைக்கு உளுந்து ஆட்டும் ஆட்டுக்கல் நின்றதும் காக்கை கரைவதுகூடக் கேட்டது. மூப்பர் சுவரோரம் போனார். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு பேர் அம்மாவைப் பார்த்தார்கள். அவள் விரல்கள் மடியில் புடவைக்கு அடியில் அசைந்துகொண்டிருந்தன. மூப்பர் இடது கையைச் சுவரில் பதித்தார். கண்ணை மூடினார்.

சுவருக்கு அப்பால் ஒரு குரல் தொடங்கியது. மிக மெலிதாக, தேனீ கூட்டுக்குள் இரைவதுபோல. ஒட்டுப்போட்ட துருத்தி ஒவ்வொரு தள்ளலுக்கும் சத்தத்தைக் கொஞ்சம் ஏற்றி இறக்கியது. தார் சுற்றிப் பழகிய கை, இம்மி பிசகவில்லை.

மூப்பர் கண்ணைத் திறந்தார். சுவரைப் பார்த்தார். பெண்கள் பக்கம் திரும்பி அம்மாவைப் பார்த்தார். அது எவ்வளவு நேரம் என்று என்னால் சொல்ல முடியாது. அம்மா தலையைக் குனியவில்லை. கூடத்தில் வேறு யாருக்கும் எதுவும் கேட்டதாகத் தெரியவில்லை. அவர்கள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் கையைச் சுவரிலிருந்து எடுப்பார் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. விரல்களை இன்னும் அகலமாக விரித்து அழுத்தி வைத்தார். பாட்டைத் தூக்கினார். ஐந்து கட்டை. எல்லாரும் ஏறிக்கொண்டார்கள்.

முழங்கால் வலிக்கு யாரும் அப்படிச் சுவரைப் பிடிப்பதில்லை. இது எனக்கு விளங்க நாற்பது வருடம் ஆனது, எனக்கே முழங்கால் வலி வந்த பிறகு. காது மந்தமான மில்காரர் அவர். அந்தச் சுவரில் உள்ளங்கையால் எதைத் தேடினார், எத்தனை வருடமாகத் தேடினார், தேடுவது அவருக்கே தெரிந்திருந்ததா என்று கேட்க இப்போது ஆள் இல்லை.

அன்றைக்கு ஆராதனை முடிந்து எல்லாரும் வெளியே வந்தோம். மூப்பர் செருப்பைத் தேடுவதுபோல் எங்கள் பக்கம் வந்தார். உள்ளங்கையில் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. எனக்குப் பெப்பர்மிண்ட் கொடுத்தார், அதிலும் சுண்ணாம்பு. அவர் அம்மாவிடம் ஏதாவது கேட்பார் என்று நினைத்து அவள் புடவையைப் பிடித்துக்கொண்டேன். கேட்டால் அம்மா பொய் சொல்ல மாட்டாள்.

“அம்மிணி” என்றார், செருப்பில் காலை நுழைத்துக்கொண்டே. “இந்த அமாவாசை இனி எப்ப ஞாயித்துக்கெழமைல வருதுன்னு பக்கத்து ஊட்டுக் காலண்டர்ல பாத்து வெச்சுக்குங்க.”

“பாத்து வெச்சிருக்கேனுங்கய்யா” என்றாள் அம்மா. “பங்குனியில வருது.”